சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வருவாய்த் துறை, சமூகப் பாதுகாப்புத் திட்டம், தொழிலாளர் நலத் துறை அலுவலர்களுக்கும், இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் கருங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். கணக்கு எழுதுகிறவள் என்றால், ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், ரேஷன் கார்டு, நலவாரிய அட்டை, பேங்க் நோட்டீஸ் எல்லாம் வரும். அவற்றைக் கொண்டுவருகிற பலரால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவி கேட்டு வருகிறவர் வாயால் சொல்வதை அலுவலகம் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மனு என்ன ஆயிற்று என்பதையும் அவரிடம் வாயால் சொல்ல வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.

எழுத்தறிவில் நம் மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். மாநிலத்தின் சராசரி அப்போது 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரியின் காலத்தில் தொடங்கிய மிஷன் பள்ளிக்கூடங்கள், திருவிதாங்கூர் காலத்துச் சர்க்கார் பள்ளிகள், தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்துக்காகச் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்த பிள்ளைகள் என்று இதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. பெருமைப்பட நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18.70 லட்சம். மீதி எட்டு சதவீதம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சின்னக் குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். அவர்களில் பெரும்பகுதி வயதானவர்களும் பெண்களும் கூலி வேலை செய்கிறவர்களும்தான் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கிறேன். அரசின் உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ, படிவத்தின் முன்னால் தடுமாறுகிறவர்களும் அவர்களே.

ஊரில் பாதிப் பேருக்குப் படிப்பு இல்லாத இடத்தில் அலுவலகமும் அதற்கேற்ப நடந்துகொள்ளும். மைப்பெட்டி மேசையிலேயே இருக்கும், கேட்டு எழுத ஆள் இருக்கும். எல்லோரும் படித்தவர்கள் என்று பேரெடுத்த மாவட்டத்தில் எழுத்துத் தெரியாத ஒருவர் வரிசையில் நின்றால், அவர் கையிலும் படிவத்தைக் கொடுத்து "ஃபில் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். கொடுக்கிறவர் கெட்டவர் இல்லை. எதிரே நிற்பவருக்குப் படிக்க வராது என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை. நிற்பவரும் சொல்ல மாட்டார். "கண்ணாடி எடுக்காம வந்துட்டேன் மக்களே, கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்பார். கண்ணாடியே போடாதவர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படித்த ஊரில் படிக்காதவர்களுக்கு அவ்வளவு வெட்கம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் 91.75 சதவீதத்துக்குள்ளேயே இருப்பவர்கள். ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவருக்கு ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் வந்தால் எழுத்தறிவு உள்ளவர் என்பது கணக்கெடுப்பின் வரையறை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்வதற்கு முன்னால், விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண்பது வயதை ஒட்டியவர்கள், தாண்டியவர்கள். மலையாளப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டு மளமளவென்று வாசிப்பார்கள். தமிழ்ப் படிவத்தை நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள். அவர்களுடைய வீட்டுப் பத்திரமும் பழைய நிலப் பதிவுகளும் பெரும்பாலும் மலையாளத்திலேயே இருக்கும். வயதைக் கேட்டால் கொல்ல ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள்.

அறுபதுகளில் பிறந்தவர்களுக்குக்கூட இந்தக் கணக்கு பொருந்தும். "நான் 1138 மகரம்" என்று ஓர் அம்மா சொன்னார், அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தபடி. அப்படியென்றால் 1963 ஜனவரி அல்லது பிப்ரவரி. அவருடைய ஆதாரில் இருப்பது 1.1.1970. தேதி தெரியாமல் வயதை மட்டும் உத்தேசமாகச் சொன்னால் ஜனவரி 1 என்று பதிவாகும். ஆதார் முகாமில் "வயசு என்ன இருக்கும்?" என்று யாரோ கேட்டார்கள், கூட நின்ற யாரோ நாற்பது நாற்பத்தொன்று என்று சொன்னார்கள், அதுவே ஏறிவிட்டது. அச்சிட்டு வந்த அட்டையை அவரால் படிக்க முடிந்திருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லியிருப்பார். இப்போது காகிதத்தின்படி அவருக்கு அறுபது வயதாக 2030 ஆக வேண்டும். மலையாள மாதத்தைச் சொன்னால் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் அலுவலகத்தில் யாரும் இல்லை. ஞானஸ்நானப் பதிவேடு அவருடைய கோவிலில் பத்திரமாக இருக்கிறது. அதையும் யாரும் கேட்கவில்லை.

அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த அலுவலர்கள் நம் மாவட்டத்தில் அபூர்வம் இல்லை. விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் அவர்களில் ஒருவரை மக்கள் கண்ணில் படும்படி உட்கார வைத்தால் போதும்.

அடுத்து, எழுதிக்கொண்ட பிறகு படித்துக் காட்டுவது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்த ஓர் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்து அண்டி உடைத்தவர். கொட்டையிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து வழவழப்பாகிவிட்டன. முதியோர் பென்ஷனுக்கு ஒரு கணினி மையத்தில் விண்ணப்பித்தார். பல மாதம் கழித்து, தள்ளுபடி ஆகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். விரித்துப் பார்த்தால் ஆண்டு வருமானம் மூன்று லட்சம் என்று இருக்கிறது.

"இது யாரம்மா சொன்னது?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது. மையத்தில் இருந்த பையன் அவசரத்தில், "வீட்டுல யாரு சம்பாதிக்கிறது?" என்று கேட்டிருக்கிறான். மகன், கொத்தனார் என்றிருக்கிறார். "நாளுக்கு எவ்வளவு?" ஆயிரம் ரூபாய். அவன் ஆயிரத்தை முந்நூறால் பெருக்கி எழுதிவிட்டான். மகன் கல்யாணம் ஆகித் தனியாகப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் மாதத்துக்குப் பத்து நாள் வேலை இருந்தால் பெரிது. அதை யாரும் கேட்கவில்லை. விசாரணைக்கு வந்தவர் "பாக்க ஆள் உண்டா?" என்று கேட்டபோதும் "மகன் உண்டு" என்றே சொல்லியிருக்கிறார். பெற்ற மகனை இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு நா வரும்? கேட்டவர் அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மா ஒரு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். அவர் பேரில் ஒரு தப்பான தாள் தயாராகி, அவருடைய கைநாட்டோடு மேலே போய்விட்டது. "உங்க வருமானம் வருஷத்துக்கு மூணு லட்சம்னு எழுதியிருக்கேன், சரிதானா?" என்று ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே "ஐயோ, இல்ல மக்களே" என்றிருப்பார். இரண்டு நிமிட வேலை. இதனால் அவருக்குப் போனது மாதம் 1,200 ரூபாய். மாத்திரைக்கும் அரிசிக்கு மேல் வாங்கும் சாமானுக்கும் அவர் நம்பியிருந்த காசு அது.

வாயால் சொன்னதை எழுதிக்கொண்டு படித்துக் காட்டுவது நம் சட்டத்துக்குப் புதிது இல்லை. காவல் நிலையத்தில் கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றி ஒருவர் வாய்மொழியாகப் புகார் சொன்னால், அதை எழுத்தில் பதிந்து, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆவது பிரிவு சொன்னது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 173-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இல் 6(1) பிரிவைப் பாருங்கள். எழுத்தில் கேட்க முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தாக்கப் பொதுத் தகவல் அலுவலர் எல்லா நியாயமான உதவியும் செய்தாக வேண்டும். அண்டி ஆபீஸ் அம்மா உங்கள் அலுவலகத்துக்கு வந்து, "என் பென்ஷன் மனுவை எதுக்குத் தள்ளினீங்க?" என்று வாயால் கேட்டால், அதை எழுதிக்கொள்ள அலுவலர் கடமைப்பட்டவர். ஆனால் "எனக்குப் பென்ஷன் வேணும்" என்று அதே வாயால் கேட்டால், படிவத்தோடு வரச் சொல்வோம். தகவலுக்கு உள்ள உதவி சோற்றுக்கும் இருக்க வேண்டாமா?

இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் செய்து காட்டியிருக்கிறோம். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் நடந்தபோது வீட்டுக்கே டோக்கன் வந்தது. முகாமில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவினார்கள். எழுதத் தெரியாத எத்தனையோ பெண்கள் அன்றைக்கு யாரிடமும் கெஞ்சாமல் விண்ணப்பித்துவிட்டு வந்தார்கள். அதை ஏற்பாடு செய்தவர்களுக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். கோளாறு அதற்குப் பிறகுதான் வந்தது. தொகை கிடைக்காதவர்களுக்குக் காரணம் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. முப்பது நாளுக்குள் இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். படிக்கத் தெரியாதவருக்கு எஸ்.எம்.எஸ். என்பது போனில் "டிங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கும் அதே சத்தம். போன் எண் மகனுடையதாக இருந்தால் செய்தியும் ஓடிபியும் துபாய்க்கோ சவூதிக்கோ போய்விடும். முப்பது நாள் கழிந்த பிறகு என்னிடம் போனை நீட்டியவர்கள் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே, சிக்னலே சரியாகக் கிடைக்காத காணிக்காரப் பழங்குடிக் குடியிருப்புகளில் இது எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

முன்பு முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்துகொண்டிருந்தது. தபால்காரர் வீட்டு முற்றத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்து, பெருவிரலைப் பிடித்து உருட்டி வைப்பார். இந்த மாதம் வரவில்லை என்றால் ஏன் என்று அவரிடமே கேட்கலாம். அந்த ஏற்பாட்டிலும் கைக்கூலி, தாமதம் என்று குறைகள் இருந்தன. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்க எதிரே ஒரு மனித முகம் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுங்கள். தள்ளுபடி ஆணை போடுவதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஒரு போன், அல்லது கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர் மூலமாக நேரில் ஒரு வார்த்தை. "இந்தக் காரணத்தால் தள்ளப் பார்க்கிறோம், உங்களிடம் வேறு ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மேல்முறையீட்டுக் கெடுவும் செய்தி அனுப்பிய நாளில் தொடங்காமல், அவர் காதில் விழுந்த நாளில் தொடங்கட்டும்.

எழுத்துத் தடுமாற்றம் கிழவிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். ஏழாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு சுவரைக் கண்ணால் பார்த்தே எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று சொல்லுவார், பிசகாது. நான்கு வரி தமிழைப் படிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடுகிறது என்கிறார். சின்ன வயதில் மக்கு என்று அடி வாங்கியவர். கற்றல் குறைபாட்டையும் ஒரு மாற்றுத்திறனாக 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அவருக்கு அதை அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. கட்டுமான நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கும் தேதி அட்டையிலேயே அச்சடித்திருந்தது. அவர் படிக்கவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. மகளுக்குக் கல்வி உதவி கேட்டுப் போனபோதுதான் பதிவு காலாவதியானது தெரிந்தது. படித்தவர்போல் தோற்றமுள்ள ஆண்களிடம் யாரும் "வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்பதில்லை. அதனால்தான் ஆள் பார்த்துக் கேட்காமல் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்கிறேன். எல்லோருக்கும் என்றால் யாருக்கும் வெட்கம் இல்லை.

கடற்கரை ஊர்களில் இந்த வேலையைப் பங்குத்தந்தைமார் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பேரை வீட்டார் அழுதுகொண்டே சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிய பங்குகள் உண்டு. கோவிலும் குழுவும் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் நாங்கள் எழுதுகிற தாளுக்கு அலுவலகத்தில் பொறுப்பு இல்லை. நான் தப்பாக எழுதினாலும் அந்த அம்மா தலையில்தான் விடியும். எங்களைப் போன்றவர்கள் இல்லாத இடத்தில் புரோக்கர் நிற்கிறான். அறுபது ரூபாய்க் கட்டணத்தில் முடிகிற வருமானச் சான்றுக்கு அவன் பல நூறு கேட்கிறான், "ஆபீசுக்குச் சாயாக்காசு" என்று அதற்குமேலும் கேட்கிறான். கட்டணப் பலகை சுவரில் இருக்கிறது. யாரிடம் பிடுங்குகிறானோ அவருக்கு அந்தப் பலகையைப் படிக்க வராது.

விரல் ரேகை விழாத பிரச்சினையும் இதோடு சேர்ந்தது. அண்டி உடைத்த கை, ரப்பர் பால் வெட்டுகிற கை, கடலில் கயிறு இழுத்த கை, பனையேறின கை, எதிலும் ரேகை ஒழுங்காக விழாது. படித்தவர் கண் ரேகையோ வேறு வழியோ உண்டு என்று கேட்டு வாங்குவார். படிக்காதவரை "ரேகை விழல, அப்புறம் வாங்க" என்று அனுப்பினால் தன் கையில்தான் குற்றம் என்று நினைத்துப் போய்விடுவார். மாற்று வழி இருந்தால், அவர் கேட்காமலே சொல்லுங்கள்.

இ-சேவை மையத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். சர்வர் படுத்துகிறது, வரிசை வாசல் வரை நிற்கிறது. ஆனாலும் சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்துமுன் வருமானம், வயது, வீட்டில் யார் இருக்கிறார்கள், போன் எண் யாருடையது, இந்த நான்கையும் சத்தமாக வாசியுங்கள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத சத்தத்தில் போதும். "கைநாட்டு" என்று யாரையும் கூப்பிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனவர் அடுத்த தடவை வர மாட்டார்.

ஆட்சியர் அவர்களே, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலிருந்தே தொடங்கலாம். மனு எழுதித் தர ஓர் ஆளை உட்கார வைப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எழுதியவர் படித்துக் காட்ட வேண்டும், படித்துக் காட்டியதாகக் கையெழுத்திட வேண்டும், அவர் அரசு அலுவலராக இருக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களைத் தள்ளுபடியான மனுக்களுக்கு உதவச் சொல்லிக் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. அது இருப்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. மகளிர் குழுக்களில் கணக்கு எழுதும் நாங்களும் கூப்பிட்டால் வருவோம்.

அலுவலர் கையெழுத்திட வேண்டிய வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்: "மனுதாரர் வாய்மொழியாகச் சொன்னதை எழுதினேன். அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டினேன். சரி என்று ஒப்புக்கொண்டார்." கீழே அலுவலரின் பெயர், பதவி, தேதி. மாவட்டத்தில் வழங்கப்படும் எல்லா நலத்திட்டப் படிவங்களின் அடியிலும் இதை அச்சிட்டு, இந்தக் கையெழுத்து இல்லாத படிவத்தைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று ஓர் ஆணை போடுங்கள்.

இப்படிக்கு,
கருங்கல் வட்டாரத்து மகளிர் குழு ஒன்றின் கணக்கர்